கறுப்பின் மேல் கறுப்பு

முகம் கழுவி முடிக்க சிவராஜுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் தேங்காய் எண்ணெய். உள்ளங்கை நிறைய ஊற்றி, நெற்றியிலிருந்து கழுத்து வரை வழித்துத் தேய்ப்பார். அப்புறம் பழைய கைலித் துண்டால் ஒரு துடைப்பு. அப்புறம் துணி துவைக்கிற சோப்பு. படத்துக்குப் பூசிய அந்தச் சாயம் முகச் சோப்புக்கெல்லாம் அசையாது. யாங்கோனின் அலோன் பேட்டையில் எங்கள் சந்தின் முனையிலுள்ள பொதுக் குழாயடியில் அவர் குந்தியிருந்து கழுவக் கழுவ, மை கரைத்ததுபோலத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடும். குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். கடைசியில் நிமிர்ந்து, கண்ணைத் திறக்காமலே கேட்பார்: "போச்சா?"

பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. சாயம் போன பிறகு தெரிகிற முகமும் ஏறத்தாழ அதே கறுப்புதான். காதோரத்திலும் மூக்கின் மடிப்பிலும் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"இருக்கிற கறுப்பு பத்தலையாம் தம்பி. மேலே ஒரு பூச்சு போட்டாத்தான் கலான்னு தெரியுமாம், நோ?"

அந்தக் கடைசி 'நோ' பர்மியச் சொல். 'சரிதானே' என்று நம்மையும் சேர்த்து இழுக்கிற சொல். சிவராஜின் தமிழில் நாலு வாக்கியத்துக்கு ஒன்றாவது அதில் போய் முடியும். 'கலா' என்பது இந்த ஊரில் நம்மைக் கூப்பிடுகிற பெயர். அகராதி அதற்கு என்ன அர்த்தம் சொன்னாலும் சரி, தெருவில் அது முதுகில் வந்து விழுகிற விதத்திலேயே அர்த்தம் புரிந்துவிடும்.

பத்து நாளில் எடுத்து முடித்து, சி.டி. வட்டாகக் கடைக்கு வருகிற பர்மிய வீடியோப் படங்களில் சிவராஜ் 'கலா'வாக நடிக்கிறார். பங்களாக் காவல்காரன், பால்காரன், கடலை வண்டிக்காரன். வேடம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கதாநாயகனின் நண்பன் உதைப்பான். இவர் சுருண்டு விழ வேண்டும். சனங்கள் சிரிக்க வேண்டும். இதுவரை பத்தொன்பது படம், நாற்பத்தோரு உதை. எண்ணிக்கை அவருடையது. "உதையிலே முப்பத்தெட்டு சுத்தம். மூணுதான் நெசமாப் பட்டுது" என்று, ஒரு தொழிலாளி தன் சேதாரத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்.

என்னை எரிய வைத்தது உதைகூட அல்ல. சிவராஜ் பிறந்தது யாங்கோனில். அவர் அப்பா பிறந்ததும் யாங்கோனில். தமிழைவிடப் பர்மிய மொழி அவர் வாயில் நன்றாக உருளும். தேநீர்க் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாண்டலேக்காரர் என்றே நினைப்பீர்கள். ஆனால் கேமரா முன்னால் அவர் உளற வேண்டும். டைரக்டரை அவர் 'சயா' என்பார்; நம் 'ஐயா' மாதிரி. "சரியாப் பேசினா டைரக்டர் சயாவுக்குக் கோவம் வருது. கட்! கட்! கலா மாதிரிப் பேசுய்யாங்கறாரு. கலாவே நான்தானே சயா, நான் பேசுறது கலா மாதிரி இல்லியான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், நோ."

நானும் சிரிச்சேன் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பல் கூசும்.

நான் மாவ்பிக்கு அப்பால் நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையிலும் முதல் பட்டதாரி நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. சேற்றில் நின்றுகொண்டே வேதியியல் படித்தவனுக்குக் கூச்சம் எதற்கு? பட்டத்தோடு யாங்கோன் வந்து, சிவராஜ் வீட்டு மச்சில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். வேலை கேட்டுப் போன மூன்று இடங்களில் என் சான்றிதழை மேசைமேல் வைப்பதற்கு முன்பே என் முகத்தைப் படித்துவிட்டார்கள். எனவே இந்தச் சித்திரத்தில் நிதானம் குறைவாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் இல்லாத நாட்களில் சிவராஜ் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறார். நாற்பத்திரண்டு வயது. நெட்டையான உடம்பு; கால்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் இன்னும் நீளம். படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில், முதுகில் அரிசி மூட்டையோடு ஓடி ஓடி வந்த சமநிலை அவருக்கு. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. இரும்புக் கயிற்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி நசுங்கிப் போனது. எதையாவது சுட்டிக் காட்டும்போது அந்தக் குட்டை விரலால்தான் காட்டுவார். "அதோ பாரு" என்பார். விரல் பாதி தூரத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அவர் மகள் புஷ்பலதா சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாளாம்.

அவரை மேலே தூக்கிவிட்டது, அல்லது தூக்கிவிட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்தது, ஒரு அமெரிக்கப் படம்.

புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம். பர்கத்துல்லா பாயின் வீடியோக் கொட்டகைக்குப் புயலில் பறந்த தகரத்துக்குப் பதிலாக நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே பதினாறு பெஞ்சு, ஒரு பெரிய டி.வி., வெளியே இருமுகிற ஜெனரேட்டர். அந்தப் படத்தில் ஒரு கறுப்பு மனிதன் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுகிறான். லாரியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குகிறான். ஒரு நகரத்தையே காப்பாற்றுகிறான். துறைமுகத்து ஆட்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று விசிலடித்தார்கள். ஒரே வாரத்தில் ஒன்பது தடவை பாய் அதை ஓட்டினார்.

"பாத்தீரா வாத்தியாரே!" பாய் என் தோளில் அறைந்தார். "நம்ம நெறம்! நம்ம நெறத்துலே ஒருத்தன் ஒலகத்தையே காப்பாத்துறான்."

"எந்த உலகத்தை பாய்? அதில் அலோன் இருக்கிறதா?"

"உமக்குச் சந்தோசப்படவே தெரியாதா? பட்டம் குடுக்கும்போது பல்லைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்களா?"

"அவனைப் பறக்க வைத்தவன் யார், அந்தப் படத்தை எடுத்துப் பெட்டி நிரப்பிக்கொண்டவன் யார் என்று கேட்கிறேன்."

"பறக்குறது நம்மாளு. அது போதும்வே."

சிவராஜ் இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. திரையை முறைத்துக்கொண்டிருந்தார். "முட்டியை மடக்காமே எறங்குறான் பாரு தம்பி. நெசமா இருந்தா கால் போயிருக்கும். இடுப்பிலே கம்பி கட்டியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "ஆனா மூஞ்சிக்குப் பூசலை. அது அவன் மூஞ்சிதான், நோ?" என்றார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பேட்டை அலுவலகத்துக் குமாஸ்தா உள்ளே நுழைந்தான். என் வயதுதான் இருக்கும், பர்மியப் பையன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவில்லை. வாசலில் நின்று இடம் பார்த்தான், அவ்வளவுதான். முன் பெஞ்சிலிருந்த நாலு பேர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். சற்று முன்புதான் விசிலடித்துக் கொட்டகையை அதிர வைத்த அதே நாலு பேர். சிவராஜும் எழுந்தார். நானும் எழுந்தேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

டி.வி.யில் கறுப்பு மனிதன் லாரியைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க எங்களுக்கு அவனால் பலம் கொடுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட படங்கள் கறுத்தவர்களை நிமிர்த்திவிடும் என்று யாராவது எழுதினால், அவர்களை ஒரு நாள் அந்தக் கொட்டகைக்குக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

அந்தப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, சிவராஜ் வேலை செய்யும் கம்பெனியும் ஒரு வீரனைக் கற்பனை செய்தது. கறுப்பு உடுப்பு, தலை முழுக்க மூடிய கறுப்பு முகமூடி, கிடங்குக் கூரைகளில் ஓடிக் கெட்டவர்களைப் பிடிப்பவன். கதாநாயகன் பேர் பெற்ற நடிகர், பால் நிறம், உயரத்தைக் கண்டால் தலைசுற்றும். சிவராஜின் உயரமும் அவர் உயரமும் ஒன்று. ஆகவே சிவராஜ் டூப்.

"மூடிக்கிட்டு நடிக்க எந்த மூஞ்சியா இருந்தா என்ன?" என்றாள் அவர் மனைவி கமலாட்சி. காலையில் சந்தையில் இட்லி விற்கிறவள். வாய் இட்லித் தட்டைவிடச் சூடு. "இவரை உதைக்க ஆள் தேடுனவங்க இப்போ இவரையே வச்சு உதைக்கப் போறாங்களா? அடி விழாமே வந்தாச் சரி."

"இது வேறே கமலா. இதிலே நான் விழுறது இல்லே. எறங்குறது."

பதினேழு நாள் இறங்கினார். போட்டாதாங் பக்கம் ஒரு கிடங்குக் கூரையிலிருந்து எதிர்க் கூரைக்கு, இடுப்பில் கம்பி இல்லாமல். கீழே தவிட்டு மூட்டை அடுக்கச் சொன்னது இவர் யோசனை. அந்த நாட்களில் குழாயடியில் கறுப்புத் தண்ணீர் ஓடவில்லை; முகமூடிக்கு உள்ளே சாயம் எதற்கு? நேராக வீட்டுக்கு வருவார். சந்துக்குள் நடந்து வரும் நடையே வேறாக இருந்தது. சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவன் ஒருவன் "ஏய் கலா, ஒதுங்கு" என்றபோது, திரும்பி, சுத்தமான பர்மிய மொழியில், "தெரு அகலமாத்தானே இருக்கு?" என்று கேட்டார். நான் மச்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் சொன்னதில் ஏதோ இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

இதில் புஷ்பலதாவின் பங்கைச் சொல்ல வேண்டும். பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. பள்ளி விழாவில் பூ நடனத்துக்கு எட்டுப் பெண்களை எடுத்தார்கள். அபிநயம் அத்தனையும் முதலில் மனப்பாடம் செய்தவள் இவள். டீச்சர் இவளைத் திரைக்குப் பின்னால், பாட்டு நாடாவைப் போடும் வேலைக்கு வைத்தார். "உன் நெறத்துக்கு ரோஸ் உடுப்பு எடுக்காதும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னாராம். அன்றிலிருந்து புஷ்பலதா காலையில் தனாக்காக் கட்டையைக் கல்லில் அரைக்கும் சத்தம் நெடுநேரம் கேட்கும். இந்த ஊரில் எல்லாப் பெண்களும் கன்னத்தில் பூசுகிற சந்தனம் போன்ற குழம்புதான். ஆனால் இவள் கன்னத்தோடு நிறுத்துவதில்லை. நெற்றி, கழுத்து, காது, முழங்கை வரை பூசிக்கொண்டு, வெள்ளையடித்துக் காய்ந்த சுவர் மாதிரி பள்ளிக்குப் போவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "அப்பா, படத்திலே உங்க மூஞ்சி தெரியுமா?"

"தெரியும்மா. கடைசியிலே முகமூடியைக் கழட்டுறப்போ."

"அது நீங்கதானா? அந்த நடிகர் இல்லியா?"

"நான்தான். எடுத்துட்டாங்களே."

எடுத்த விதத்தை அன்று எங்கள் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். கடைசி நாள். கிடங்கு வாசல். நடிகர் இன்னும் வரவில்லை. டைரக்டர் சிவராஜைக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தி, விளக்குகளைத் திருப்பச் சொன்னார். மெதுவாக முகமூடியைக் கழற்று, நிமிர்ந்து பார் என்றார். துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக் கட்டிக்கொண்டு சிவராஜ் அதை எங்கள் முன்னால் கழற்றினார். முகவாய், மூக்கு, கண், நெற்றி. கமலாட்சிகூட இட்லி மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மூணு தரம். ஒருதரம் முதுகுப் பக்கமிருந்து, ரெண்டு தரம் நேரா. கடைசித் தரம் டைரக்டர் சயா கோங்டே, கோங்டேன்னாரு. நல்லாருக்குன்னு! பத்தொம்பது படத்திலே என்னைப் பாத்து அவர் அதைச் சொன்னதே இல்லே தம்பி. அன்னிக்குச் சாயமும் இல்லே. வெறும் மூஞ்சி. என் மூஞ்சி."

மறுநாளே புஷ்பலதா வகுப்பில் சொல்லிவிட்டாள். கடைசியில் வருவது எங்கள் அப்பா முகம், வந்து பாருங்கள் என்று மூன்று பெண்களைக் கூப்பிட்டும் விட்டாள். ரோஸ் உடுப்பு போட்டு ஆடிய எட்டுப் பேரில் மூன்று பேர்.

வட்டு வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குப் பாய் சிறப்புக் காட்சி வைத்தார். சந்து முழுவதும் வந்திருந்தது. சிவராஜ் துவைத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முன் பெஞ்சில் புஷ்பலதாவும் அந்த மூன்று பெண்களும். அன்று அவள் தனாக்கா பூசிக்கொள்ளவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

கறுப்பு வீரன் கூரையில் ஓடும்போதெல்லாம் கொட்டகை "சிவராஜு! சிவராஜு!" என்று கத்தியது. ஒவ்வொரு தாவலுக்கும் பாய் எழுந்து நின்று, "நம்மாளுவே! கம்பி கட்டாத ஆளு!" என்று அறிவித்தார். கடைசிக் காட்சி வந்தது. கிடங்கு வாசல். முதுகுப் பக்கமிருந்து வீரன். வலது கை மெதுவாக எழுந்து முகமூடியின் விளிம்பைப் பிடித்தது. கொட்டகையில் ஜெனரேட்டரின் இருமல் மட்டும் கேட்டது.

முகமூடி விலகியது. படம் முன்பக்கம் திரும்பியது. பால் நிற முகம். ஈரமான ரோஸ் உதடு. நெற்றியில் ஒரு முத்து வியர்வைகூட யாரோ அளந்து வைத்தது மாதிரி.

 கைதட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள்! பின் பெஞ்சிலிருந்து தொடங்கியது, நம் ஆட்கள்தான். சிவராஜின் பெயரைக் கத்திய வாய்களே அந்த வெள்ளை முகத்துக்கு விசிலடித்தன. கதாநாயகன் முகம் திரையில் வந்தால் தட்டிப் பழகிய கைகள். யார் முகம் என்று கேட்டுப் பழகவில்லை. எனக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். "என்னய்யா?" என்றான்.

மூன்று பெண்களில் ஒருத்தி புஷ்பலதாவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கப்பா எங்கே?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். கேலியாகக்கூட இல்லை. மற்ற இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் சிவராஜைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்; முடியவில்லை. அவர் திரையைப் பார்த்தபடியே, எண்ணெய் வைத்த தலையை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அடுத்த காட்சியில் தன் முகம் வந்துவிடும் என்பதுபோல. எழுத்துகள் ஓடத் தொடங்கின. அவர் பெயர் அதில் இல்லை.

"பாய் மாமா, பின்னாடி போடுங்க." புஷ்பலதாவின் குரல்.

"என்னம்மா?"

"கொஞ்சம் பின்னாடி போடுங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

பாய் பொத்தானை அழுத்தினார். வெள்ளை முகம் போனது. முகமூடி திரும்ப வந்தது. "நிறுத்துங்க!" அவள் எழுந்து போய் டி.வி.யின்மேல் விரல் வைத்தாள். முகமூடியைப் பிடித்திருந்த கை கறுப்புக் கை. ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

"இது எங்கப்பா கை" என்றாள்.

மூன்று பெண்களும் திரையைப் பார்த்தார்கள். திரும்பி சிவராஜைப் பார்த்தார்கள். அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினார். ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து அந்தக் குட்டை விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பவும் கைதட்டல். இந்தத் தடவை பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீரா வாத்தியாரே? புள்ளை கண்டுபிடிச்சுட்டா பாத்தீரா?"

நான் வெளியே போய்விட்டேன். ஒரு கையா? பதினேழு நாள் கூரை விட்டுக் கூரை பாய்ந்த மனிதனைத் தேடி, பதினோரு வயதுப் பெண் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, ஒரு நறுங்கிய விரலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கண்ணீரும் கைதட்டலும். அவள் கெட்டிக்காரி, அது அவள் பெருமை. படம் எடுத்தவர்களுக்கு அதில் ஒரு தம்பிடி பெருமை கிடையாது. அவர்கள் அந்தக் கையைக் காட்டவில்லை. மறைக்க மறந்துபோனார்கள்.

அன்று வீட்டில் கமலாட்சி முதல் தட்டை அவருக்கு வைத்தாள். மறுநாள் அவர் துறைக்கு மூட்டை தூக்கப் போனார். புஷ்பலதா அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, அந்த விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். தனாக்காக் கல்லின் சத்தமும் முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

படம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகம் தொடங்கினார்கள். மாவ்பிப் பக்கம் வெட்டவெளியில் படப்பிடிப்பு. "நானும் வர்றேன்" என்றேன். "உங்க ஊர் வழிதானே, வாயேன்" என்றார் சிவராஜ். நான் ஊருக்காகப் போகவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பேச வேண்டியதைப் பஸ்ஸில் பர்மிய மொழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

டைரக்டரை நெருங்க முடியவில்லை. அவருடைய உதவியாளன் கிடைத்தான். முகமூடியைக் கழற்றும் காட்சியை சிவராஜை வைத்து எடுத்துவிட்டு ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எதை வெட்டினோம்?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு புரிந்தது. "ஓ, அதுவா! லைட் பார்க்க நிறுத்தினோம். ஹீரோ வந்ததும் உடனே எடுக்க வேண்டாமா? முதுகுப் பக்கம் மட்டும்தான் கேமரா ஓடியது. நேரே நின்றபோது கேமராவில் ஒன்றுமே இல்லையே. அந்த ஆள் அதை எடுத்ததாக நினைத்துக்கொண்டாரா?" வாய்விட்டுச் சிரித்தான்.

"டைரக்டர் நன்றாயிருக்கிறது என்று சொன்னாராமே?"

"வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருப்பார்."

அவன் என் கோபத்தைப் பார்த்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னான்: "இந்தத் தடவை அவருக்கு இரண்டு வேலை. காலையில் முகமூடி. மத்தியானம் காவல்கார கலா. அந்தக் கலாவை முகமூடி வீரன் ஒரு உதை உதைப்பார், நல்ல சிரிப்புக் காட்சி. ஒரே ஒரு குறை. போன படத்தில் வீரனின் முகம் வெள்ளை, கை கறுப்பு என்று பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் கைக்குப் பூசச் சொல்லியிருக்கிறோம். விரலுக்கும் மெழுகில் ஒரு நுனி செய்தாயிற்று."

மாமரத்தடியில் மேக்கப் பெண் பலகைமேல் இரண்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்றில் வழக்கமான கறுப்பு. மற்றதில் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை, வழவழவென்று. பக்கத்தில் ஒரு காகிதத்தில் மெழுகு விரல் நுனி, நகம்கூட வைத்திருந்தார்கள். சிவராஜ் கறுப்பு உடுப்பில், முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உதவியாளன் சொன்னது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கும். நாங்கள் நின்ற இடம் பத்தடி தூரம்தான்.

"அண்ணே, முதல்லே கை. கையை நீட்டுங்க" என்றாள் அந்தப் பெண், வெள்ளையில் பஞ்சைத் தோய்த்தபடி.

"மூஞ்சியைப் பூசு தங்கச்சி" என்றார் சிவராஜ்.

"மூஞ்சி மத்தியானம்தான் அண்ணே. முகமூடிக்குள்ளே எதுக்குச் சாயம்? இப்போ கைதான் வேணும்."

"மூஞ்சியைப் பூசு. எத்தனை தரம் வேணும்னாலும் பூசு."

அவள் உதவியாளனைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, "சிவராஜ் அண்ணே, வெயில் ஏறுது" என்று குரல் கொடுத்தான். கேமராப் பக்கமிருந்து டைரக்டரும் திரும்பிப் பார்த்தார்.

சிவராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கை வலது கையின் அந்தக் குட்டை விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. குழாயடியில் நிமிர்வதுபோலவே கண்ணை மூடி, முகத்தை மட்டும் அவளுக்கு முன்னால் ஏந்திக் கொடுத்தார்.